ஒரு முழத் தண்ணீர்

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதே பழவேற்காட்டுக்கு வந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்தக் கேள்வி எழுந்ததில்லை. பொன்னேரிக்கு மேற்கே எங்கள் ஊரில் நெல் விளைந்தது, யாரோ குத்தினார்கள், யாரோ வடித்தார்கள், நான் இலை முன்னால் உட்கார்ந்தேன். நான்கு பிள்ளைகளில் நான் கடைசி. இருந்த நிலத்தில் அண்ணன்மார் மூன்று பேரும் கால் வைத்த பிறகு எனக்கு வரப்புதான் மிஞ்சியது. ஒல்லாந்தர் கோட்டையில் துணி மடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு மூட்டை புழுங்கலரிசியையும் ஒரு முடிப்புத் துவரம்பருப்பையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியை அவள் அப்பா வீட்டில் விட்டிருந்தேன். நான் வேலையில் அமர்ந்ததும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. என் மாமனார் நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். அவருடைய தங்கையைத் தண்ணீர் இல்லாத ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் குடம் சுமந்தே இடுப்பு விட்டுப்போய், முப்பது வயதுக்குள் செத்துப்போனாள். கிளம்புகிற அன்று வண்டிப் பக்கத்தில் நின்று மாமனார் சொன்னார்.

"மாப்ளே, கடலோரம்னு எனக்கு பயம் இல்ல. தண்ணிதான் பயம். நான் ஒரு தடவ வர்றேன். உங்க அடுப்புல ஒரு வேள சாப்ட்டு, ரெண்டு செம்பு தண்ணி குடிச்சுப் பாக்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டா பொண்ண அனுப்பறேன்."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

பழவேற்காட்டில் கோட்டையைச் சுற்றியிருந்த சந்துகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நெசவுக்காரர்கள், சாயக்காரர்கள், சிப்பாய்கள், கப்பலுக்காகக் காத்துக்கிடக்கும் வியாபாரிகள் என்று ஊர் பிதுங்கி வழிந்தது. கோட்டைத் துணிக்கிடங்கின் மேஸ்திரி, தோணிரேவுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு மீனவர் வீட்டின் பின்கட்டில் எனக்கு ஒரு குடிசை பார்த்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் இருட்டோடு வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். அவர் பிடித்து வருவதைக் கூடையில் சுமந்துபோய் விற்பது அவர் மனைவியின் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், குரல் பெரிது, கை அதைவிட வேகம். அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

சமையலில் எனக்கு நேர்ந்த முதல் அவமானம் நெருப்பு. உடைந்த சட்டி ஓட்டை ஏந்திக்கொண்டு அக்கா வீட்டு அடுப்பில் தணல் கேட்டு நின்றேன். வாங்கிக்கொண்டு என் குடிசைக்கு நடப்பதற்குள் ஏரிக்காற்று அதை அணைத்துவிட்டது. மறுபடி போனேன். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அவள் எழுந்து, தணலைச் சாம்பலால் மூடித் தானே கொண்டுவந்து, பனைமட்டையை எப்படி அடுக்குவது என்று காட்டிவிட்டுப் போனாள். புகையில் என் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. அழுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்தது சோறு. குடிசைக்குப் பின்னாலேயே ஒரு கிணறு இருந்தது. இதைவிட வசதி வேண்டுமா என்று ஒரு குடம் இறைத்து உலை வைத்தேன். சோற்றுக்கு உப்புப் போட வேண்டும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் ஒரு கை அள்ளிப் போட்டேன். பக்கத்துச் சட்டியில் பருப்பு. கோட்டையில் ஒரு மணி அடித்தது. பருப்பு வேகவில்லை. மட்டையை இன்னும் செருகினேன். அடுத்த மணியும் அடித்தது. பருப்பு கூழாங்கல் மாதிரி சட்டிக்குள் உருண்டுகொண்டே இருந்தது. சோற்றை ஒரு வாய் வைத்தேன். அதைத் துப்ப வாசலுக்கு ஓடியபோது அக்கா மீன் கூடையோடு எதிரே வந்தாள்.

"இன்னா தம்பி, இன்னா ஆச்சு?"

சட்டியைக் காட்டினேன். அவள் விரலால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

"எந்தத் தண்ணியில வெச்ச?"

"கிணத்துத் தண்ணி."

"அது மீனுக்கு. சட்டி கழுவ. சோத்துக்கு ஊத்துத் தண்ணி. ரெண்டு குடம் வெச்சிக்கணும், இது வேற அது வேற. உங்க ஊர்ல ஒரே குடமா?"

எங்கள் ஊரில் ஒரே குடம்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்பட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் விடியும்போது அக்கா என்னை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனாள். ஊற்று என்றதும் நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது மணலில் அகலமாகச் சுரண்டிய ஒரு பள்ளம். ஆழம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கொட்டாங்கச்சியால், கலக்காமல், மேலாக மோந்து மோந்து குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைய ஒரு யுகம் ஆனது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை. தனி ஆள் என்பதால் எனக்கு ஒரு சின்னக் குடம். குடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரியே இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னும் ரெண்டு முழம் தோண்டினா நெறைய வருமே அக்கா. யாரும் தோண்டலையா?"

அத்தனை கொட்டாங்கச்சியும் நின்றது. அக்கா என்னை முறைத்தாள்.

"தோண்டினா வரும். கடல் வரும். மழைத் தண்ணி இந்த மணலுக்குள்ள மெதந்துகினு கீது தம்பி. அதுக்குக் கீழ முழுக்க உப்பு. ஒரு முழம், அதுக்கு மேல மம்முட்டி படக்கூடாது. பட்டுச்சுன்னா மழை வர்ற வரைக்கும் ஊத்து செத்துச்சுன்னு வெச்சிக்க. காதுல வாங்கினியா?"

வாங்கினேன். ஆனால் நம்புவதற்கு நாளாயிற்று. எங்கள் ஊர் ஆற்றில் மணலைத் தோண்டினால் மேலே வருவது கலங்கல். ஆழம் போகப் போகத்தான் தித்திக்கும். தண்ணீர் குறைந்தால் இன்னும் ஒரு முழம் தோண்டு என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டது. வயல்காட்டில் பிறந்த எவனுக்கும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் கை நமநமக்கும்.

அந்தச் சின்னக் குடத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு பெரிது. குடிக்க அதுதான். சோற்றுக்கு அதுதான். கை கழுவவும் அதுவே வேண்டியிருந்தது. கிடங்கில் என் வேலை, வெள்ளைத் துணியைக் குறித்த அகலத்துக்கு மடித்து, தட்டி, கட்டுப் போடுகிறவனிடம் தள்ளுவது. அடுப்புக் கரி பட்ட விரலைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கரி போகாது. போனாலும் காய்ந்த பிறகு உப்புப் பூத்து, தொட்ட இடமெல்லாம் தடம் விழும். வந்த பத்தாம் நாள் மேஸ்திரி ஒரு மடிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் கட்டைவிரல் அதில் அப்படியே இருந்தது. பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"நேத்து மடவை மீனா?"

"ஆமாங்க."

"இது கப்பலேறி உலாந்தாக்காரன் ஊருக்குப் போற துணி. அங்க போய்ப் பிரிச்சா உன் மீன் கொழம்பு மணக்கும். இன்னொரு தடவ இப்படி வந்தா நீ வீட்லயே ஒக்காந்து சமைச்சிகினு இருக்கலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடவை மீனைப் பாழாக்கியதே நான்தான். அது மணக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீரில் வைத்ததற்கு மேல் உப்பும் போட்டிருந்தேன். வாயில் வைக்க முடியாத குழம்புக்காகத் திட்டும் வாங்கினேன்.

அதன் பிறகு மீனை விட்டேன். விடியற்காலையில் சோறு வடிப்பேன். பருப்பை வேகவைக்கப் பார்ப்பேன். பருப்புக்கும் கோட்டை மணிக்கும் ஏதோ பகை இருந்தது. அது இளகத் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் மணி அடிக்கும். பாதி வெந்ததைத் தின்றுவிட்டு ஓடுவேன், நாள் முழுக்க வயிறு பொருமும். ஒரே ஒருநாள் பருப்பு மலர்ந்து வெந்தது. புளியும் மிளகும் தட்டிப்போட்டு இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவ வெளியே போனேன். திரும்பி வந்தபோது காக்கைகள் சட்டியைக் கவிழ்த்திருந்தன. அன்றைக்கு நான் காக்கைகளைத் திட்டிய திட்டு குப்பத்தில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். வரப்பில் உட்கார்ந்தாவது வெந்த பருப்பைத் தின்னலாம். அப்புறம் அவள் ஞாபகம் வரும். எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது மொத்தம் நாலு மாதம்கூட இராது. அவள் வர வேண்டும், அதற்கு மாமனார் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அதற்கு நான் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சமைக்க வேண்டும். என் வாழ்க்கை ஒரு சட்டிப் பருப்பில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

மாமனார் வருகிறார் என்று பொன்னேரியிலிருந்து வந்த வண்டிக்காரர் மூலம் செய்தி வந்தபோது எனக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு சின்னக் குடத்தைப் பார்த்தால் அவர் அங்கேயே திரும்பிவிடுவார் என்று தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். அக்காவிடம் நான்கு பெரிய குடம் இரவல் வாங்கினேன். அந்தப் பத்து நாளும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, கிணற்றுத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, கை கழுவ மட்டும் ஒரு கொட்டாங்கச்சி எடுத்துக்கொண்டு, ஊற்றுத் தண்ணீரைச் சேர்த்து வைத்தேன். நாக்கு தடித்தது. உதடு வெடித்தது. வயிறு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் சுவரோரம் நான்கு குடமும் நிறைந்து, வாய்க்கு ஓலை மூடி நின்றன.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மாமனார் கண்ணுல மண்ணைத் தூவப் பாக்கறியா?"

"இல்லக்கா, வந்தவருக்குக் குறை வெக்கக் கூடாதில்ல."

"இன்னாமோ பண்ணு. ஊத்து சமாச்சாரத்த மட்டும் அவர்கிட்ட சொல்லி வெச்சிடு. நெலத்துக்காரங்க கை சும்மா இருக்காது."

"சொல்றேங்க்கா."

மாமனார் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு செம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டுத் தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி நம்ம ஊர் தண்ணி மாதிரியே கீதே மாப்ளே."

அன்று பருப்பு வெந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சி அரை நாள் வாங்கியிருந்ததால் மணியும் என்னைத் துரத்தவில்லை. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, புளி கொஞ்சம் தூக்கல். மாமனார் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ஓர் ஆண்பிள்ளை தனக்கே சமைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறானே என்று அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. மரியாதையும் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துச் சுவரோரக் குடங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ளதச் சொல்லுங்க மாப்ளே. தண்ணிக்கு இன்னா பண்றீங்க?"

அதுதான் நேரம். ஒரு முழம், முறை, கொட்டாங்கச்சி, மழை எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயையும் திறந்தேன்.

"பக்கத்துலயே ஊத்து கீது மாமா. ஒரு குறையும் இல்ல."

"அப்ப சரி" என்றார். "வர்ற அமாவாச கழிச்சு அனுப்பறேன்."

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. மறுநாள் விடிந்ததும் அந்தச் சந்தோஷம் கரையத் தொடங்கியது. மாமனார் குளித்தார். ஏரியில் அல்ல, கிணற்றிலும் அல்ல. என் குடத்துத் தண்ணீரில். உள்ளே போய் அவரே ஒரு பெரிய குடத்தைத் தூக்கிவந்து, வாசலில் நின்று தலையில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு இன்னொன்று. பத்து நாள் நாக்கைக் கட்டி நான் சேர்த்த தண்ணீர் அவர் தலைவழியாக இறங்கி மணலில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "போதும் மாமா" என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. குறையில்லை என்று சொன்னவனாயிற்றே.

அந்த எரிச்சலோடு வேலைக்குப் போனேன். அவர் மறுநாள் ஊர் திரும்புவதாக இருந்தது. "நான் இப்டியே காலாற ஊரச் சுத்திப் பாக்கறேன்" என்றார். ஊற்றைப் பற்றி அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரைச் சுற்றுகிறவர் கோட்டையைப் பார்ப்பார், கொடிமரத்தைப் பார்ப்பார், கடலில் நிற்கிற கப்பலைப் பார்ப்பார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மாலையில் நான் திரும்பியபோது குப்பமே மணல்மேட்டில் நின்றது. அக்காவின் குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. நான் ஓடினேன்.

பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. காலையில் நான் போன பிறகு மாமனார் ஊற்றைத் தேடி வந்திருக்கிறார். கடைசியாக இருந்த இரண்டு பெண்கள் கொட்டாங்கச்சியால் மோந்துகொண்டிருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். தன் மகளும் இப்படித்தான் தினமும் குந்திக்கொண்டு காத்திருக்க வேண்டுமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடலில் வலை வீசத் தெரிந்தவர்களுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது போலும் என்று முடிவு செய்துகொண்டார். பெண்கள் மீன் விற்கப் போனதும், எங்கோ ஒரு மண்வெட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அறுபதை நெருங்கிய மனிதர், வெயிலில், தனியாக, பெண்கள் மீன் விற்றுத் திரும்பும்வரை தோண்டியிருக்கிறார்.

நான் போனபோது அவர் பள்ளத்துக்குள் மார்பளவுக்கு நின்றார். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ளே, பாத்தீங்களா? ஊறிகினே கீது. என் பொண்ணுக்கு இனிமே தண்ணிக் கஷ்டமே இல்ல. இந்தம்மாங்க ஏன் கூவறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

அக்கா சரிந்த மணலில் இறங்கி, ஒரு கை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். "குடிச்சிப் பாரு பெரியவரே."

அவர் தானே குனிந்து அள்ளிக் குடித்தார். குடித்த வாய் அப்படியே நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"உன்கிட்ட நான் சொன்னேனா இல்லயா தம்பி? அவர்கிட்ட சொல்லி வெச்சிடுன்னு சொன்னேனா? நீ சொன்னியா?"

மணலைப் பார்த்தேன். மாமனார் பள்ளத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. சுவரோரக் குடம், செம்புத் தண்ணீர், வெந்த பருப்பு, எல்லாம். வாயிலிருந்த தண்ணீரை மெல்ல விழுங்கினார்.

"மாப்ள சொன்னாரும்மா" என்றார். "நான்தான் காதுல வாங்கல."

பிறகு அக்காவும் மற்றவர்களும் பேசினார்கள். வயதைப் பார்க்காமல் பேசினார்கள். எங்கள் ஊரில் அவர் தெருவில் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே கூடைக்காரப் பெண்கள் அவரை மூளை இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, தோண்டிப் போட்ட மணலைத் திரும்பவும் பள்ளத்தில் தள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன். பொழுது சாய்கிற வரை அருகருகே நின்று தள்ளினோம். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி ஒரு பிறவி நான்.

மறுநாள் வண்டி வரைக்கும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டு வந்தேன். அவர் நாற்று நடவைப் பற்றியும், ஒரு மாட்டுக்குக் கால் வீங்கியிருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

"மழை வரட்டும் மாப்ளே. பாக்கலாம்."

அமாவாசை வந்தது, போனது. அவள் வரவில்லை. ஊற்று செத்துக் கிடந்தது. மேட்டின் வடகோடியில், அரை நாழிகை நடக்கிற தூரத்தில், பெண்கள் வேறு இடம் பார்த்து ஒரு முழத்துக்குச் சுரண்டிக்கொண்டார்கள். என் முறையைக் குறைக்கவில்லை. அது அக்காவின் பெருந்தன்மை. ஆனால் யாரும் என்னோடு பேசவில்லை. விடியுமுன் வடகோடிக்கு நடந்து, திரும்பி வந்து, அடுப்பு மூட்டி, மணிக்கு முன்னால் கோட்டைக்கு ஓட வேண்டும். பருப்பைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். கேழ்வரகைக் கரைத்து ஊற்றிக் குடித்தேன். கிடங்கில் என் மடிப்பில் இப்போது கறையே இல்லை என்று மேஸ்திரி மெச்சினார். சமைக்காதவன் கையில் கறை எங்கிருந்து வரும்?

ஐப்பசியில் மழை பிடித்தது, ஆனாலும் பழைய ஊற்றில் உப்பு இன்னும் விடவில்லை. கார்த்திகையில் ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது என் குடிசைக் கூரை வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று பதறி ஓடினேன். அடுப்பு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர்கள் வண்டியில் வந்ததாகச் சொன்னாள். மாமனார் வரவில்லை. அக்கா ஏற்கெனவே அவளுக்கு இரண்டு குட விவரத்தையும் முறையையும் ஒரு முழத்தையும் வடகோடி வழியையும் சொல்லி, பெரிய குடம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். புதிதாக வந்தவளிடம் குப்பத்துக்கு வருத்தமில்லை.

சட்டியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அகப்பையால் ஒன்றை எடுத்து நசுக்கினாள். நசுங்கியது.

"நைனா சொன்னாரு" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "ஊர்த் தண்ணியக் கெடுத்துட்டு வந்துட்டேன், மாப்ள மொகத்துல முழிக்கவே வெக்கமா கீதுன்னு சொன்னாரு. நாலு நாளு சரியாவே சாப்பிடல. எனக்கு மனசே கேக்கல. நைனா பண்ணதுக்கு நீங்க இங்க தனியா கெடந்து கஷ்டப்படறீங்களேன்னுதான் கெளம்பி வந்துட்டேன்."

நான் வாசலிலேயே நின்றேன்.

"அவரு எப்பவும் அப்டித்தான். யாரு சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு. நீங்க எத்தினி தடவ சொன்னீங்களாம் அவர்கிட்ட."

"எத்தினி தடவன்னு சொன்னாரு?"

"மூணு தடவ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊரைவிட்டு வந்த பிறகு முதல் தடவையாகப் பார்க்கிறாள். அவள் எழுந்து போய்விடுவாளோ என்று எனக்கு அப்படி ஒரு பயம்.

"ஆமா" என்றேன். "மூணு தடவ சொன்னேன்."

அவள் பெருமூச்சு விட்டு எழுந்து, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் போய்க் கொண்டுவருகிறேன் என்று கையை நீட்டினேன். வடகோடி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க ஒக்காருங்க" என்றாள். "எங்க நைனா பண்ணது, நான் நடக்கறேன்."

நான் உட்கார்ந்துகொண்டேன்.